சுவரில் எழுதுவோர் யார்?

(கல்விக் கழக வெள்ளி விழாவின் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இவ்வெள்ளி விழா மேடையில் கல்வியைப் பற்றிப் பேசுமாறு பணிக்கப்பட்டோம். பள்ளியைப் பற்றியும், கல்லூரியைப் பற்றியும், உதவித்தொகையைப் பற்றியும் நமக்கு முன்னர்ப் பேசிய ஆன்றோர் நிரம்பக் கூறிவிட்டனர். ஆதலின் நாம் இன்று சுவரைப் பற்றிப் பேச எண்ணுகிறோம். சுவருக்கும் கல்விக்கும் என்ன உறவு என்று சிலர் வியக்கக்கூடும். உறவு உண்டு. நமது கழகக் கட்டடத்தின் தெருப்புறச் சுவரை விளம்பரத்திற்கு வாடகைக்கு விடலாமா, கூடாதா என்னும் வினா உறுப்பினர் முன் நிற்கின்றது. கட்டடப் பொருள் வணிகர் ஒருவர் ஆண்டு வாடகை தர முன்வந்திருக்கிறார். கட்சி அன்பர்கள் சிலரும் அடுத்த தேர்தலை மனத்திற்கொண்டு கேட்டு வைத்திருக்கின்றனர். அவ்வினாவிற்கு விடை காணுமுன், நகரத்துச் சுவர்களில் எழுதப்பட்ட எழுத்தின் வரலாற்றையும், அவ்வெழுத்துக்கும் நமக்கும் உள்ள உறவையும் எண்ணிப் பார்ப்பது கடமையாகும்.

சுவரில் எழுதியதைப் படிக்க வேண்டுமானால், முதலில் அச்சுவர் நிற்கும் தெருவில் நடக்க வேண்டும். இது பெரிய உண்மையன்று என்று இன்றைய இளைஞர் நினைக்கலாம். நம் முன்னோருக்கு அதுவே பெரும்போராட்டமாக இருந்தது. பொதுத் தெருக்களும் பொதுக் கிணறுகளும் ஒடுக்கப்பட்டோருக்கும் உரியன என்று சென்னை மாகாணச் சட்டசபை தீர்மானித்ததும், அதனை ஒட்டி அரசாணை பிறந்ததும் 1924ஆம் ஆண்டில்தான். தெருவே மறுக்கப்பட்ட மக்களுக்குத் தெருவோரச் சுவர் எங்ஙனம் கிட்டும்? ஆகவேதான் நம் முன்னோடிகள் தாளை நாடினர். இரட்டைமலை சீனிவாசனார் 1893இல் இதழ் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழை வெளியிட்டார். தெருவில் குரல் எழுப்ப இயலாத காலத்தில் அச்செழுத்தின் வழியே அவர்கள் பேசினர். எழுத்தின் வலிமையை நமக்கு முதலில் உணர்த்தியவர்கள் அவர்களே.

நாடு விடுதலை பெற்றபின் நகரத்துச் சுவர்கள் நிறையத் தொடங்கின. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்களுள் எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பதினெண்மரே. எழுத்தறியாதோரும் வாக்களிக்க வேண்டும் என்பதற்காகவே 1951–52ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற முதற் பொதுத்தேர்தலில் சின்னங்கள் வழங்கப்பட்டன. அச்சின்னங்களை மக்கள் மனத்தில் பதியவைக்கும் பொறுப்பு சுவருக்கு வாய்த்தது. இரட்டைக் காளையும், கதிர் அரிவாளும், உதயசூரியனும், பின்னாளில் இரட்டை இலையும் சென்னை நகரின் சுவர்களில் ஆளுயரத்திற்கு எழுந்தன. சின்னத்தின் அருகே வேட்பாளர் பெயர் முழ உயர எழுத்தில் நின்றது. சின்னத்தை அறிந்தவன் அதன் பக்கத்திலிருந்த எழுத்தையும் மெல்ல அறியத் தலைப்பட்டான். பள்ளி வாயிலை மிதியாத தொழிலாளர் பலர் 'உ' என்னும் எழுத்தை உதயசூரியனிலும், 'க' என்னும் எழுத்தைக் கதிரிலும் கற்றனர் என்றால் அது மிகையன்று. காசு கேளாத பள்ளியாக, விடுமுறை இல்லாத பள்ளியாகச் சுவர் இருந்தது.

அப்பள்ளியின் ஆசிரியர் யார்? ஏணியில் நின்று எழுதிய ஓவியரே. அவர்தம் தொழிலைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். ஏனெனில் இன்றைய இளைஞருள் பலர் அதனைக் கண்ணாற் கண்டதில்லை.

முதலில் சுவரைத் தேய்த்துத் தூசு போக்குவர். அதன்மேல் வெள்ளைச் சுண்ணாம்பை மட்டையால் இருமுறை பூசுவர். தேர்தலுக்குப் பல திங்கள் முன்னரே கட்சித் தொண்டர்கள் இந்தச் சுண்ணாம்புப் பூச்சைப் பூசி, மூலையில் கட்சியின் பெயரையும் ஆண்டையும் எழுதிச் சுவரைப் பிடித்து வைப்பதும் உண்டு. பூச்சு உலர்ந்தபின், வண்ணப்பொடி தோய்ந்த நூலை இருவர் இருமுனையில் இழுத்துப் பிடித்துச் சுண்டுவர். சுவரில் நேர்கோடு விழும். அக்கோடுகளுக்கிடையே கரித்துண்டாலோ சாக்குக்கட்டியாலோ எழுத்தின் வடிவத்தை வரைந்துகொள்வர். தலைவரின் முகம் வரைய வேண்டுமாயின் சிறு படத்தில் கட்டங்கள் இட்டு, அதே கட்டங்களைச் சுவரில் பெரிதாக இட்டு, கட்டத்திற்குக் கட்டம் பார்த்துப் பெருக்குவர். காவிப்பொடியும் நீலப்பொடியும் வச்சிரப் பசையிற் கலந்தால் மலிவான வண்ணம் கிட்டும். நீண்டநாள் நிற்கவேண்டிய வணிக விளம்பரத்திற்கு எனாமல் வண்ணம் வேண்டும். எழுத்து முடிந்தபின் ஒருபுறம் நிழல் தீட்டினால் அவ்வெழுத்து சுவரை விட்டு எழுந்து நிற்பதுபோலத் தோன்றும். இறுதியில் வலப்புற மூலையில், விரலளவு எழுத்தில், தம் பெயரோடு 'ஆர்ட்ஸ்' என்று சேர்த்து எழுதிவிட்டு ஓவியர் இறங்குவார்.

இத்தொழிலுக்கு மொழியறிவும் வேண்டும். ஓர் எழுத்துப் பிழை நேரின் ஊரே நகைக்கும். 1978ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை பிறப்பித்தது. தந்தை பெரியார் 1935 முதல் 'குடிஅரசு' இதழில் கையாண்டு வந்த வடிவங்கள் அரசின் வடிவங்களாயின. யானைத் துதிக்கை போன்ற கொம்பு பெற்றிருந்த ணை, லை, ளை, னை முதலியன இன்று நாம் எழுதும் வடிவத்திற்கு மாறின. பாடநூல் மாறுவதற்குப் பள்ளித் திறப்பு வரை காத்திருக்கலாம்; சுவரோவியர் மறுநாட் காலையே தம் கையைத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. பழைய எழுத்தில் பழகிய மக்களின் கண்ணுக்குப் புதிய வடிவத்தை நாள்தோறும் காட்டிப் பழக்கியதில் இவ்வோவியர்க்கும் பங்குண்டு.

பல சமூகத்தாரும் இத்தொழிலில் இருந்தனர். நம் குடியிருப்புகளிலிருந்தும் கைத்திறம் வாய்ந்த இளைஞர் பலர் இதனை நாடினர். முதலீடு சிறிது, வேண்டுவது தூரிகையும் பயிற்சியுமே. சாதிச் சான்று கேளாமல் திறமையை மட்டும் கேட்ட தொழில்கள் நமக்கு மிகச் சிலவே. அவற்றுள் இதுவும் ஒன்றாயிற்று. இத்தொழிலை எளிதென்று கருதுவோருக்கு இரண்டு சான்றுகள் கூறுவோம். உலகப் புகழ் பெற்ற ஓவியர் எம். எஃப். உசேன், பம்பாயில் திரைப்பட விளம்பரப் பலகைகள் தீட்டி வாழ்வைத் தொடங்கியவர். கோவையில் திரைப்பட விளம்பரங்கள் தீட்டிய ஓவியர் ஜீவா எழுதிய 'திரைச்சீலை' என்னும் நூல், 2010ஆம் ஆண்டின் சிறந்த திரைப்பட நூலுக்கான தேசிய விருதைப் பெற்றது. பலகையில் எழுதிய கை தாளிலும் எழுத வல்லது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் தோழர்களே, இங்கேதான் நாம் நின்று நிதானித்து ஒரு வினாவை எழுப்ப வேண்டும். கை நம்முடையதாக இருந்தது, சொல் யாருடையது? ஏணியில் ஏறியவர் நம்மவர். ஏணியின் கீழ் நின்று 'இதை எழுது' என்று கூறியவர் யார்?

உழைப்பாளர் குடியிருப்பை ஒட்டிய சுவர்களில் நெடுங்காலம் நின்ற விளம்பரங்களை மூத்தோர் நினைவுகூர வேண்டும். பீடி, புகையிலை, பொடி, பல்பொடி, சோடா, திரைப்படம் ஆகியவையே அவை. அச்சுவர்களில் நூல் விளம்பரத்தையோ கல்லூரிச் சேர்க்கை அறிவிப்பையோ கண்டவர் அரியர். நம்மிடமுள்ள சில்லறையை எவ்வழியில் பெறலாம் என்பதை அறிந்தே சுவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. நாளெல்லாம் உழைத்த களைப்பிற்குப் பீடியே மருந்து என்று சுவர் பல்லாண்டுகள் போதித்தது. 2003ஆம் ஆண்டு இயற்றப்பட்ட புகையிலைப் பொருள் சட்டத்தின்படி 2004 மே முதல் நாளிலிருந்து அவ்விளம்பரங்களுக்குத் தடை வந்தது. அதன்பின்னரே அச்சுவர்கள் அப்போதனையை நிறுத்தின. அதற்குள் எத்தனை நெஞ்சுகள் புகைந்து போயின என்பதை நம் குடும்பங்களே அறியும்.

அரசும் நம் சுவர்களில் எழுதியது. மலேரியா ஒழிப்புத் திட்டத்தின் பணியாளர்கள் வீடுதோறும் வந்து மருந்தடித்துச் சுவரில் நாளைக் குறித்துச் சென்றனர். குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணம் தெருதோறும் நின்றது. அவற்றால் நன்மை விளைந்ததை மறுப்பார் இலர். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுந்தபோது சுவர்களும் அதற்குத் துணை நின்றன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இவை அனைத்திலும் நாம் சொல்லக் கேட்போராக இருந்தோமே அன்றி, சொல்லுவோராக இல்லை. நம் வீட்டுச் சுவரிலும் பிறரே எழுதினர்.

அந்நிலையை மாற்றியவை தலித் இயக்கங்கள். 1990–91ஆம் ஆண்டுகளில் அண்ணல் அம்பேத்கரின் நூற்றாண்டு கொண்டாடப்பட்டதை ஒட்டி, தமிழ்நாட்டின் சேரிகளிலும் நகர்ப்புறக் குடியிருப்புகளிலும் அவருடைய திருவுருவம் சுவர்தோறும் எழுந்தது. நீலநிற மேலாடை, மூக்குக்கண்ணாடி, கையில் நூல். 'கற்பி, கிளர்ச்சி செய், ஒன்றுசேர்' என்னும் பொருள்பட்ட அவருடைய அறைகூவல் அதன் கீழ் நின்றது. ஒரு தலைவரின் சுவரோவியத்தில் வாளும் செங்கோலும் இன்றி நூல் இடம்பெற்றது என்பது எண்ணத்தக்கது. தம் சுவரில், தம் கையால், தம் சொல்லை நம்மவர் எழுதிய காலம் அது. அதனாலேயே அவ்வோவியங்கள் மீது சாணம் வீசப்பட்டதும், அவை இரவோடு இரவாக அழிக்கப்பட்டதும் பல ஊர்களில் நிகழ்ந்தன. வெறும் வண்ணத்தை எவரும் அஞ்சுவதில்லை. அதன் பொருளையே அஞ்சுகின்றனர்.

இனிச் சுவரில் எழும் எள்ளலைப் பற்றிச் சில கூற வேண்டும். இளைஞர்க்கு எள்ளல் இயல்பு. சுவர் கிடைத்தால் முதலில் எழுதத் தோன்றுவது கேலியே. அது தவறன்று. தொல்காப்பியரே அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இரண்டாக வகுத்துள்ளார். வெளிப்படையாகப் பழிப்பது ஒன்று. புகழ்வதுபோலவோ வேறொன்று கூறுவதுபோலவோ பழியை உள்ளே மறைத்து வைப்பது மற்றொன்று. சுவரில் சிறக்கும் எள்ளல் பெரும்பாலும் இரண்டாம் வகையினதே.

இக்கலையில் பெயர் பெற்ற நகரம் கொல்கத்தா. அங்குத் தேர்தல்தோறும் சுவர்களில் தலைவர்களைப் பகடி செய்யும் கேலிச்சித்திரங்களும், நான்கடிப் பாடல்களும் எழுந்தன. ஒரு கட்சி ஒரு சுவரில் எழுதியதற்கு எதிர்க்கட்சி எதிர்ச்சுவரில் விடை எழுதும். வழிப்போக்கர் இரண்டையும் படித்து நகைத்துத் தீர்ப்பு வழங்குவர். பொதுச்சொத்தின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்கும் சட்டம் மேற்கு வங்கத்தில் 1976இலேயே இயற்றப்பட்டிருந்தும் இவ்வழக்கம் ஓங்கியே நின்றது. 2006ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலின்போது தேர்தல் ஆணையம் கெடுபிடி செய்தபின்னரே அது குன்றியது.

அண்மைக்காலச் சான்று ஒன்றும் உண்டு. பெங்களூரு நகரில் 2015ஆம் ஆண்டு சாலை நடுவே பெரும்பள்ளம் ஒன்று நீர் தேங்கிக் கிடந்தது. பாதல் நஞ்சுண்டசாமி என்னும் ஓவியர் அதனைக் குளம்போல வண்ணம் தீட்டி, மெய்யான அளவில் செய்த முதலை ஒன்றை அதில் கிடத்தினார். நகரமே திரண்டு பார்த்தது. 2019இல் அவரே விண்வெளி வீரர் உடை உடுத்த ஒருவரைக் குண்டும் குழியுமான சாலையில் நடக்கவிட்டு, நிலவின் தரைபோலத் தோன்றுமாறு படம் பிடித்துக் காட்டினார். அதிகாரிகள் விரைந்து வந்து சாலையைச் செப்பனிட்டனர். நூறு விண்ணப்பங்கள் செய்யாததை ஓர் எள்ளல் செய்து முடித்தது. எவரையும் பெயர் கூறி வையவில்லை. எவர் மனத்தையும் புண்படுத்தவில்லை. ஆயினும் பொறுப்புடையோர் நாணித் தலைகுனிந்தனர்.

எள்ளலுக்கு ஒரு திசை உண்டு என்பதை இளைஞர்கள் மறவாதிருக்க வேண்டும். அது கீழிருந்து மேல்நோக்கிச் செல்ல வேண்டும். அதிகாரம் உடையவனை நோக்கி எளியவன் நகைப்பது அங்கதம். எளியவனை நோக்கி வலியவன் நகைப்பது கொடுமை. விடுதிக் கழிப்பறைச் சுவரிலும் பள்ளிச் சுவரிலும் நம் பிள்ளைகளின் சாதியைச் சுட்டி எழுதப்பட்ட சொற்களைப் படித்து, உண்ணாமல் உறங்காமல் இருந்தவர் நம்முள் உண்டு. தென்மாவட்டங்களில் மின்கம்பங்களிலும் பாலச்சுவர்களிலும் சாதிக்குரிய வண்ணங்களைத் தீட்டி, 'இது எம் எல்லை' என்று அறிவிக்கும் வழக்கம் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. 1989இல் மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் எழுப்பப்பட்டு, 2008 மே திங்களில் ஒரு பகுதி இடிக்கப்பட்ட சுவரில் எழுத்து ஏதும் தேவைப்படவில்லை; அச்சுவரே ஓர் எழுத்தாக நின்றது. ஆகவே நாம் கையில் தூரிகையை எடுக்கும்போது, நம்மைப் புண்படுத்திய அதே சொல்லை வேறொருவர் மீது வீசாதிருத்தல் வேண்டும். பெண்களை இழித்துரைக்கும் கேலியும், உடற்குறையைச் சுட்டும் கேலியும் இதில் அடங்கும்.

இனி, இக்கலைக்கு இன்று நேர்ந்திருக்கும் நிலையைக் காண்போம். 2000ஆம் ஆண்டுக்குப் பின் கணினி வழி அச்சிடும் ஃப்ளெக்ஸ் பதாகை பரவியது. நான்கு நாள் ஏணியில் நின்று தீட்டிய உருவத்தை, எந்திரம் ஒருமணி நேரத்தில் அச்சிட்டுத் தந்தது. வேலையிழந்த ஓவியருட் சிலர் வீட்டுச் சுவருக்கு வண்ணம் பூசும் பணிக்குச் சென்றனர். சிலர் தூரிகையையே விடுத்தனர். திறந்த வெளியிடங்களை விளம்பரங்களால் கெடுப்பதைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1959 முதலே உண்டு. 2006ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆணையம் அதனைக் கண்டிப்புடன் செயற்படுத்த, நகரச் சுவர்கள் வெளுத்தன. சுவர் தூய்மையாயிற்று என்று மகிழ்ந்தோர் உண்டு. ஆனால் சுவரில் எழுதியவனைத் தடுத்த நகரம், வானளாவிய பதாகையை அவ்வளவு எளிதில் தடுக்க இயலவில்லை. 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைக்கப்பட்ட பதாகை சரிந்து, இருசக்கர வண்டியில் சென்ற 23 வயது மென்பொருள் பொறியாளர் ஒருவர் உயிரிழந்ததை நாடறியும். கையால் எழுதிய சுவரெழுத்து எவர் உயிரையும் பறித்ததில்லை.

2009ஆம் ஆண்டளவில் சென்னை மாநகராட்சி அண்ணா சாலை போன்ற முதன்மைச் சாலைகளில் சுவரொட்டிகளைத் தடுத்து, அச்சுவர்களில் தமிழ்ப் பண்பாட்டுக் காட்சிகளைத் தீட்டுவித்தது. கோயில் கோபுரம், பரதநாட்டியம், ஏறு தழுவுதல், உழவர் பெருமக்கள் எனக் காட்சிகள் விரிந்தன. வேலையற்றிருந்த ஓவியர் பலருக்கு அதனால் ஊதியம் கிடைத்தது, அதனை வரவேற்கிறோம். எனினும் அச்சுவர்களைக் கடந்து செல்லும்போது நம் கண் எதையோ தேடுகிறது. அந்நகரைக் கட்டிய சித்தாளும், அதன் சாக்கடையைத் தூர்வாரிய தொழிலாளியும், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரும் அவ்வழகிய காட்சிகளில் அருகியே காணப்பட்டனர். எவரை வரைவது என்பதைத் தீர்மானித்த இடத்தில் நாம் இல்லை.

கண்ணகி நகரின் கதையும் நாம் அறிய வேண்டியது. கூவம், அடையாறு முதலிய நீர்வழிகளின் கரைகளிலிருந்தும் நகரின் பிற பகுதிகளிலிருந்தும் அகற்றப்பட்ட ஏழை மக்களுக்காக, 2000ஆம் ஆண்டையொட்டி ஒக்கியம் துரைப்பாக்கத்தில் எழுந்த குடியிருப்பு அது. பள்ளியையும் வேலையையும் பின்னே விட்டு வந்த மக்கள் அவர்கள். அம்முகவரியைக் கூறினாலே வேலை தர மறுக்கின்றனர் என்று அங்குள்ள இளைஞர் நெடுங்காலம் வருந்தி வந்தனர். 2020இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையின் முயற்சியால் ஓவியர்கள் வந்து, அடுக்குமாடிச் சுவர்களில் பேரோவியங்களைத் தீட்டினர். கண்ணகி நகர் சென்னையின் முதற் கலை வட்டாரம் எனப்பட்டது. அச்சத்தோடு ஒதுக்கப்பட்ட பகுதியைக் காண மக்கள் விரும்பி வந்தனர். அவப்பெயரின் இடத்தில் வேறொரு பெயர் எழுந்தது சிறிய செய்தியன்று. ஆயினும் சுவர் அழகுற்றதனால் குழாயில் நீர் வந்துவிடாது. பேருந்து கூடுதலாக ஓடிவிடாது. வண்ணம் ஒரு தொடக்கமாகலாம், அதுவே முடிவாகிவிடலாகாது. அங்கு வளரும் பிள்ளைகள் நாளை தாமே தூரிகை ஏந்தித் தம் கதையைத் தாமே தீட்டும் நாளில்தான் அக்கலை முழுமை பெறும்.

சுவரின் பொருட்டு மனிதர் மாய்வதும் உண்டு என்பதை 2014இல் வெளிவந்த பா. இரஞ்சித்தின் 'மெட்ராஸ்' திரைப்படம் காட்டியது. வடசென்னைக் குடியிருப்பு ஒன்றின் பெருஞ்சுவரைத் தமதென்று இரு தரப்பினர் உரிமை கொண்டாட, அதற்கு நம் இளைஞர் பலியாவதே அதன் கதை. அச்சுவரில் இருந்த உருவம் அங்கு வாழ்ந்தவர்களுடையதன்று. ஆனால் சிந்திய குருதி அவர்களுடையது. அப்படத்தை இயக்கியவர் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் பயின்றவர் என்பதும் ஈண்டு நினைக்கத் தக்கது. சுவரின் பொருளை உணர்ந்த ஒருவர் கல்வி பெற்றபோது, அச்சுவரைப் பற்றி நாடே பேசுமாறு செய்தார்.

இனி நம் சுவருக்கு வருவோம். வாடகைக்கு விடவேண்டும் என்போர் கூறும் நியாயம் எளிதில் தள்ளத் தக்கதன்று. கழகத்தின் கருவூலம் நிறைந்து வழியவில்லை. வாடகைப் பணத்தால் மாணவர் சிலருக்குக் குறிப்பேடுகள் வாங்கலாம். தேர்வுக் கட்டணம் கட்டலாம். பணம் வேண்டாம் என்று கூறுவது வயிறு நிறைந்தவருக்கு எளிது. ஆகவே அவ்வாறு கூறுவோர், அதற்கு ஈடான தொகையைத் திரட்டும் பொறுப்பையும் ஏற்றல் வேண்டும். அப்பொறுப்பில் நாமும் பங்கு கொள்கிறோம். மாதந்தோறும் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒருவேளைத் தேநீருக்கான தொகையை ஒதுக்கினால் அவ்வாடகையைவிடக் கூடுதலாகவே சேரும் என்பது நம் கணிப்பு. அக்கணிப்பைக் கழகத்தின் பொருளாளர் சரிபார்த்துப் பேரவையில் வைக்கட்டும்.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களுள் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு எண்பதின்மர்; பட்டியல் சாதியினருள் ஏறத்தாழ எழுபத்து மூவர். சின்னத்தைப் பார்த்து எழுத்தைக் கற்ற பாட்டனாரின் பேரப்பிள்ளைகள் இன்று பட்டம் பெறுகின்றனர். எஞ்சிய இடைவெளியை நிரப்பும் பணி இன்னும் இருக்கிறது. ஆனால் எழுத்தறிவு என்பது பிறர் எழுதியதைப் படிப்பதோடு நின்றுவிடுமா? எதை எழுதுவது என்று தீர்மானிக்கும் துணிவே கல்வியின் நிறைவு. இருபத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கற்பித்த ஒரு கழகம், தனக்கென உள்ள ஒரே சுவரில் எழுதச் சொல்லின்றிப் பிறர் சொல்லுக்கு அதனை விட்டுவிடுமானால், நாம் கற்பித்தது என்ன என்று வருங்காலம் வினவாதா?

ஆகவே நாம் முன்வைக்கும் கருத்து இது. அச்சுவர் சுவரேடாகட்டும். மேற்பகுதியில் அண்ணலின் அறைகூவல் நிலையாக நிற்கட்டும். கீழ்ப்பகுதி கரும்பலகையாகட்டும். வாரந்தோறும் மாணவர் குழு ஒன்று அதனை எழுதட்டும்: கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள், தேர்வாணைய அறிவிப்பு, நூலகத்திற்கு வந்த புதுநூல், ஒரு சட்டப்பிரிவின் எளிய விளக்கம், ஒரு முன்னோரின் வரலாறு, தெருவின் குறையைச் சுட்டும் ஒரு கேலிச்சித்திரம். தெருவிளக்கு எரியாவிட்டால் எள்ளி எழுதுங்கள். ஆனால் மறுநாள் விண்ணப்பமும் எழுதுங்கள். எழுதியவர் தம் பெயரை மூலையில் இட வேண்டும். பழைய ஓவியர்கள் அவ்வாறே செய்தனர். பெயரிட அஞ்சும் சொல்லை எழுதாதிருப்பதே நலம். பிறர் சுவரில் உரிமையாளர் இசைவின்றி ஒரு புள்ளியும் வைக்கலாகாது; நம் சுவரை மதிக்கக் கேட்கும் நாம் பிறர் சுவரையும் மதிக்க வேண்டும்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. நம் பகுதியில் சுவரெழுத்துத் தொழில் செய்து, இன்று வேலையின்றி இருக்கும் மூத்த ஓவியர்கள் இருப்பரேல், அவர்களை அழைத்து விடுமுறை நாட்களில் மாணவர்க்கு எழுத்துப் பயிற்சி அளிக்கச் செய்ய வேண்டும். அதற்கு உரிய ஊதியமும் தர வேண்டும். நூல் சுண்டிக் கோடு போடும் கலையும், நிழல் தீட்டும் கலையும் அவர்களோடு மறைந்துவிடலாகாது. கணினியில் எழுத்துரு வடிக்கும் நம் பிள்ளைகளுக்கு அக்கைத்திறம் பெருந்துணையாகும்.

தோழர்களே! இக்கூட்டம் முடிந்து வெளியே செல்லும்போது அச்சுவரின் முன் ஒருகணம் நில்லுங்கள். இப்போது அது வெறுஞ்சுவராய் நிற்கிறது. சுண்ணாம்பு பூசவேண்டியது நாம். சொல்லைத் தேர்வதும் நாம். ஏணியில் ஏறுவதும் நாமே ஆகட்டும். அடுத்த பேரவையில் உறுப்பினர் அனைவரும் இதனை எண்ணி வாக்களிக்குமாறு வேண்டுகிறோம்.

ஜெய் பீம்!